மொபைல்ல அனுப்பின பாடம் எல்லா பிள்ளைக்கும் போய்ச் சேருதா? டீச்சர்ஸும் பெத்தவங்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

குமரி மாவட்டத்துல இப்பம் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்ல வருது, ஒர்க்ஷீட் பிடிஎஃப்பா வருது, பாடம் வீடியோ லிங்கா வருது. கண்ணு தெரியாத பிள்ளைக்கும் காது கேக்காத பிள்ளைக்கும் கை ஒத்துழைக்காத பிள்ளைக்கும் அதே ஃபைல்தான் போகுது. அத அந்தப் பிள்ளையால திறந்து படிக்க முடியுதான்னு கேக்குறவங்க கொறவு. ஸ்கூல்லயும் வட்டார வள மையத்துலயும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளயும் அதுக்கான பதிலயும் இங்க ஒண்ணா எழுதியிருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்க பிள்ளைக்கு எது வேணுமோ நேரா அங்க போங்க.

எங்க கிளாஸ்ல கண்ணு தெரியாத பையன் ஒருத்தன்தான் இருக்கான் சார். அவனுக்காக எல்லா நோட்ஸையும் தனியா செய்யணுமா?

தனியா செய்யாண்டாம். அதுதான் இந்த விஷயத்துல முதல்ல மனசுல வைக்க வேண்டியது. நோட்ஸ டைப் பண்ணும்போதே சரியா டைப் பண்ணிட்டா அதே ஃபைல அவன் காதால கேப்பான், பக்கத்துல இருக்குறவன் கண்ணால படிப்பான். செஞ்சு முடிச்சப்புறம் அவனுக்கு ஒண்ணு தனியா செய்யலாம்னு வச்சீங்கன்னா ரெட்டை வேலை, அப்புறம் பரீட்சை வந்துரும், நேரம் இருக்காது, கடைசியில அவனுக்கு ஒண்ணும் கிடைக்காது.

இன்னொண்ணு, ஒருத்தன்தான்னு எப்படி முடிவு பண்றது? 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துல 21 வகை சொல்லியிருக்கு. குறை பார்வை, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தசைச்சிதைவு எல்லாம் அதுல வருது. இதுல பாதி வெளிய பாத்தா தெரியாது. கடைசி பெஞ்சுல "எழுதவே மாட்டேங்கான்"னு நாம திட்டுற பையனுக்கு எழுத்து கலங்கித் தெரியுதோ என்னவோ. காதால கேக்குற மாதிரி ஒரு ஃபைல் குரூப்ல போட்டீங்கன்னா அவனும் கேட்டுக்கிடுவான், யாருகிட்டயும் சொல்லாம.

நான் அனுப்புற பிடிஎஃப்ப மொபைல் வாசிக்குமா வாசிக்காதான்னு எனக்கு எப்படி தெரியும்?

ஒரு சின்ன சோதனை இருக்கு, அரை நிமிஷம் ஆகாது. பிடிஎஃப்ப திறந்து ஒரு பாராவ விரலால அழுத்திப் பிடிச்சு செலக்ட் பண்ணுங்க, காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல உங்களுக்கே பேஸ்ட் பண்ணிப் பாருங்க. மூணுல ஒண்ணு நடக்கும்.

செலக்டே ஆகலன்னா அது வெறும் போட்டோ. ஸ்கேன் பண்ணினது, இல்ல கேம்ஸ்கேனர் மாதிரி ஆப்ல எடுத்தது. கண்ணுக்கு எழுத்தாத் தெரியும், மொபைலுக்கு அது ஒரு படம், அவ்வளவுதான்.

செலக்ட் ஆச்சு, ஆனா பேஸ்ட் பண்ணுனா கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும் வருதா, அது பழைய ஃபான்ட். பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல "அம்மா"ன்னு அடிச்சிருந்தா உள்ள சேமிச்சிருக்கது எம், கே, செமிகோலன், கே, எச். அந்த ஃபான்ட் மேல போர்த்தியிருக்கதனால நமக்கு அம்மான்னு தெரியுது. ஸ்க்ரீன் ரீடர், அதாவது திரையில உள்ளத குரலா வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர், ஃபான்ட பாக்காது, உள்ள இருக்கதத்தான் வாசிக்கும். ஒரு முழுப் பாடமும் இப்படி எம் கே எம் கேன்னு காதுல விழுந்தா பிள்ளைக்கு எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

ஒழுங்கான தமிழா பேஸ்ட் ஆச்சுன்னா அது யூனிகோட், எந்த மொபைலும் கம்ப்யூட்டரும் தமிழ்னு புரிஞ்சுக்கிடுற எழுத்து முறை. பாதி வேலை முடிஞ்சுது.

சில பாட பிடிஎஃப்ல தலைப்பு சரியா பேஸ்ட் ஆகும், உள்ள இருக்க பாரா ஆகாது. அதனால ஒரே இடத்துல பாத்துட்டு விட்டுராதீங்க, ரெண்டு மூணு பக்கத்துல பாத்துக்கிடுங்க.

வருஷக்கணக்கா சேத்து வச்ச நோட்ஸ் எல்லாம் பழைய ஃபான்ட்லதான் இருக்கு. மறுபடி முதல்லேர்ந்து டைப் பண்ணணுமா?

வேண்டாம். ஃபான்ட் மாத்தித் தர்ற இலவச கன்வெர்ட்டர் நெட்ல ஒருபாடு இருக்கு, பழைய ஃபான்டோட பேர கொடுத்தா யூனிகோடா மாத்தித் தந்துரும். ஆனா மாத்தினத அப்படியே நம்பி அனுப்பாதீங்க. நடுவுல இங்கிலீஷ் வார்த்தை, ஃபார்முலா, பிராக்கெட் இருந்தா அதையும் தமிழ் எழுத்துன்னு நெனச்சு மாத்தி வச்சிருக்கும். சயின்ஸ் நோட்ஸ்ல இது ரொம்ப வரும்.

தமிழ்நாடு அரசு 2010-லயே யூனிகோட ஸ்டாண்டர்டா அறிவிச்சாச்சு. இத்தன வருஷம் கழிஞ்சும் மார்த்தாண்டத்துலயோ வடசேரியிலயோ ஒரு டிடிபி கடைக்குப் போனா பழைய ஃபான்ட்ல கேள்வித்தாள் அடிக்கிற பழக்கம் போகல, ஏன்னா கை அந்த கீபோர்டுக்குப் பழகியிருச்சு. அவங்ககிட்ட சண்டை போடாண்டாம், "அண்ணே, யூனிகோட்ல அடிச்சு வேர்டு ஃபைலாவும் தாங்க"ன்னு கேளுங்க. பழைய கீபோர்டு அமைப்புலயே யூனிகோட் அடிக்கிற சாஃப்ட்வேரும் இருக்கு, அத சொன்னா சந்தோஷமா மாறுவாங்க. பிரிண்ட் மட்டும் வாங்கிட்டு வராம ஃபைலையும் வாங்கிட்டு வர்றது முக்கியம்.

வெறும் போட்டோவா இருந்தா?

கூகுள் டிரைவ்ல ஏத்தி "கூகுள் டாக்ஸ்ல திற"ன்னு கொடுத்தா படத்துல இருக்க தமிழ எழுத்தா மாத்தித் தரும், காசு கிடையாது. போட்டோ நேரா, வெளிச்சமா, நிழல் விழாம இருக்கணும். மாத்தினப்புறம் ஒரு ஆளு கண்டிப்பா படிச்சுத் திருத்தணும், ஏன்னா துணைக்காலும் "ர"வும் பாக்க ஒரே மாதிரி இருக்கதனால "காடு" வர வேண்டிய இடத்துல "கரடு"ன்னு வந்து நிக்கும். கண்ணால படிக்கிறவங்க தப்புன்னு புரிஞ்சு தாண்டிப் போவாங்க, காதால கேக்குற பிள்ளை அதத்தான் பாடம்னு நம்பும்.

கையெழுத்து நோட்ஸுக்கு இது சரிப்பட்டு வராது. அதுக்கு மொபைல் கீபோர்டுல உள்ள மைக்க தட்டி நீங்களே வாசிச்சிருங்க, அது டைப் ஆகிரும், அப்புறம் புள்ளி கமா போட்டா போதும்.

படத்துக்கு விளக்கம் எழுதணும்னு சொல்றாங்க. என்னதான் எழுதணும்?

எந்தப் பாடத்துக்காக அந்தப் படம் இருக்கோ அதத்தான் எழுதணும். நிறைய பேரு "பாலம்"னு ஒத்த வார்த்தை போட்டுருவாங்க, இல்லன்னா வானத்துல மேகம் எத்தனைன்னு வரைக்கும் எழுதி பிள்ளைய களைப்பாக்கிருவாங்க.

நம்ம மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கிடுவோம். பாசனம் பத்தின பாடத்துல அந்தப் படம் இருந்தா, "பரளியாத்துக்கு மேல, ரெண்டு மலைக்கு நடுவுல, உயரமான தூண்கள் மேல நிக்கிற சிமெண்ட் தொட்டி. ஒரு மலையிலேர்ந்து எதிர் மலைக்கு கால்வாய்த் தண்ணி இதுக்குள்ள ஓடுது"ன்னு எழுதணும். அதே படம் கணக்குப் பாடத்துல வந்தா தண்ணி எங்க போகுதுங்கது முக்கியமில்ல, "28 தூண்கள் வரிசையா நிக்குது, உயரம் சுமார் 115 அடி"ங்கதுதான் வேணும். வரலாற்றுப் பாடம்னா 1966-ல கட்டினதுன்னு வரணும். அதே படத்துக்கு மூணு பாடத்துல மூணு விளக்கம், மூணும் சரிதான். சும்மா அழகுக்கு ஓரத்துல பூ போட்டிருந்தா அதுக்கு விளக்கம் வேண்டாம், வேர்டுல "டெக்கரேட்டிவ்"னு டிக் பண்ணி விட்டுருங்க, ஸ்க்ரீன் ரீடர் அத தாண்டிப் போயிரும்.

கேள்வித்தாள்ல இது இன்னும் முக்கியம். "படத்தைப் பார்த்து பீடத்தின் உயரம் காண்க"ன்னு கேட்டு, கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை படத்துல மட்டும் 133 அடி, 95 அடின்னு போட்டிருந்தா கண்ணு தெரியாத பிள்ளைக்கு அங்க கணக்கே இல்ல. கேள்வியிலயே எழுதிருங்க: "சிலையும் பீடமும் சேர்ந்து 133 அடி, சிலை மட்டும் 95 அடி, பீடம் எவ்வளவு?" விளக்கத்துல விடைய எழுதிராதீங்க, 38 அடி பீடம்னு அங்க போட்டுட்டு அதையே கேள்வியா கேக்கக்கூடாதுல்லா.

மேப்புக்கு என்ன செய்யன்னு கேப்பீங்க. எல்லைய வார்த்தையில சொல்லுங்க: குமரி மாவட்டத்துக்கு மேக்க கேரளாவோட திருவனந்தபுரம் மாவட்டம், வடக்கயும் கிழக்கயும் திருநெல்வேலி மாவட்டம், தெக்க கடல். அப்புறம் ஆறு எங்க தொடங்கி எங்க முடியுது. மேப்ப விரலால தொட்டுப் பாக்க வைக்கணும்னா சணல் நூல ஃபெவிகால் வச்சு கோட்டு மேல ஒட்டுங்க, காஞ்சப்புறம் பிள்ளை தடவிப் பாக்கும். நூலு வச்ச மேப்பும் வார்த்தையில உள்ள விளக்கமும் ரெண்டும் சேந்து இருந்தா அந்தப் பிள்ளை மத்தவங்கள விட நல்லா மேப் சொல்லும்.

கணக்குதான் பெரிய பிரச்சினை. பின்னம், வர்க்கமூலம் எல்லாம் எப்படி கொடுக்க?

படமா ஒட்டாதீங்க, வேர்டுல ஈக்வேஷன்னு ஒரு வசதி இருக்கு, அதுல அடிங்க. அது தெரியலன்னா வார்த்தையில எழுதுங்க, ஆனா குழப்பம் இல்லாம எழுதணும். "ஏ பிளஸ் பி பை சி"ன்னு வாசிச்சா ஏ-யும் பி-யும் சேத்து சி-யால வகுக்கணுமா, இல்ல பி-ய மட்டும் வகுத்து ஏ-யோட கூட்டணுமா? ரெண்டுக்கும் விடை வேற. கண்ணால பாக்குறவங்களுக்கு கோடு எவ்வளவு நீளம்னு பாத்தா தெரிஞ்சிரும், காதுக்கு கோடு கிடையாது. அதனால "பின்னம் தொடக்கம், மேல ஏ பிளஸ் பி, கீழ சி, பின்னம் முடிவு"ன்னு எழுதுங்க. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பரவாயில்ல.

வேர்டுல தலைப்ப பெருசா போல்டா போட்டிருக்கேனே, அது போதாதா?

போதாது. ஹெட்டிங்னு ஸ்டைல் இருக்கு, அதத்தான் போடணும். என்விடிஏங்கிற ஸ்க்ரீன் ரீடர்ல பிரவுஸ் மோட (படிக்கிற முறை) போட்டுட்டு எச்-ங்கிற எழுத்த ஒருதடவ தட்டினா அடுத்த தலைப்புக்குத் தாவும். போல்டு மட்டும் போட்டா அதுக்குத் தலைப்புன்னு தெரியாது, பிள்ளை இருபது பக்கத்தையும் முதல்லேர்ந்து கேட்டுத்தான் அஞ்சாவது பாடத்துக்கு வரணும். புத்தகத்த புரட்டுறது மாதிரிதான் இது, நமக்கு உள்ள அந்த வசதி அவங்களுக்கும் வேணும்.

பிடிஎஃப் ஆக்கும்போது "பிரிண்ட் டு பிடிஎஃப்" கொடுக்காதீங்க, தலைப்பு, பட விளக்கம் எல்லாம் அதுல போயிரும். "சேவ் ஆஸ்" கொடுத்து பிடிஎஃப் எடுங்க. வேர்டு ஃபைலையே அனுப்பினாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது, பல பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.

சாரே, எனக்க மோளுக்கு காது கேக்காது. வீடியோ பாடம் அனுப்புனா வாய் அசையுறது மட்டும்தான் தெரியுது. என்ன செய்ய?

அம்மா, இதுல உங்க மேல ஒரு பொறுப்பும் இல்ல, வீடியோ எடுக்குறவங்கதான் இத பாக்கணும். அதனால டீச்சர்ஸுக்கு சொல்றேன்.

முதல்ல முகம். ஜன்னலுக்கு முன்னால நின்னு எடுத்தா முகம் இருட்டா விழும், உதடு தெரியாது. போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கிட்டே பேசாதீங்க, எழுதி முடிச்சுத் திரும்பிப் பேசுங்க. அடுத்து சப்டைட்டில். யூடியூப் தானா போடுறத நம்பி விட்டுராதீங்க, பாடத்துல உள்ள பேர்களும் கலைச்சொற்களும் அதுல கோளாறா வரும். யூடியூப் ஸ்டுடியோவுல போயி நீங்களே திருத்தலாம், பேசுறதுக்கு முன்னால எழுதி வச்சிருந்தா அதையே அங்க ஒட்டலாம். ஒரு பத்து நிமிஷ வீடியோவுக்கு இதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும், ஆனா அந்த வீடியோ அடுத்த வருஷமும் அதுக்கு அடுத்த வருஷமும் ஓடும்.

ஆனா சப்டைட்டில் போட்டாச்சு, கடமை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. பிறந்ததுலேர்ந்து காது கேக்காத பல பிள்ளைகளுக்கு சைகை மொழிதான் தாய்மொழி மாதிரி, எழுத்துத் தமிழ் ரெண்டாவதா படிச்ச மொழி. நீளமான வாக்கியம் வேகமா ஓடுனா அவங்களுக்குப் பிடி கிடைக்காது. சின்ன வாக்கியம், மெதுவா மாறணும், முக்கியமான சொல்லுக்கு படம் கூட வரணும்.

இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் டெல்லியில இருக்கு, 2015-ல தொடங்கினது. அவங்க 10,000 சொல் உள்ள சைகை மொழி அகராதி வெளியிட்டிருக்காங்க, ஒவ்வொரு சொல்லுக்கும் வீடியோ. மத்திய அரசுப் பாடப்புத்தகம் போடுற என்சிஇஆர்டியும் அவங்களும் 2020-ல ஒப்பந்தம் போட்டு பாடப்புத்தகங்கள சைகை மொழிக்கு மாத்துறாங்க. மத்திய அரசோட கல்வி டிவி சேனல்களான பிஎம் இ-வித்யாவுல 31-வது சேனல் சைகை மொழிக்குன்னே 2024 டிசம்பர்ல வந்துச்சு. நம்ம பிள்ளைகளுக்கு சமச்சீர் பாடம், அதனால வரிக்கு வரி பொருந்தாது. ஒளிச்சேர்க்கை, மின்சுற்று, பின்னம் மாதிரி எல்லா பாடத்திட்டத்துலயும் உள்ள விஷயத்துக்கு இத எடுத்துப் பயன்படுத்தலாம், மோளும் நீங்களும் சேந்து பாருங்க.

இதே வீடியோவ கண்ணு தெரியாத பிள்ளையும் கேக்கும்ங்கத மறக்காதீங்க. "இங்க பாருங்க, இதுலேர்ந்து இதுக்குப் போகுது"ன்னு விரல் நீட்டிச் சொன்னா அதுக்கு ஒண்ணுமே கிடைக்காது. "இலையிலேர்ந்து தண்டுக்குப் போகுது"ன்னு பேர சொல்லிச் சொல்லுங்க.

கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஃபைல்ல என்ன மாத்தணும்?

ஒரு பக்கத்துல ஒரு வேலை. "படித்து, அடிக்கோடிட்டு, பொருத்தி, எழுதுக"ன்னு நாலு வேலைய ஒரே வரியில சொல்லாம நாலு வரியா பிரிங்க. ரெண்டு பக்கமும் வெட்டின மாதிரி வரிசைப்படுத்தாம இடது பக்கம் மட்டும் ஒழுங்கா இருக்கட்டும், வார்த்தைக்கு நடுவுல இடைவெளி கூடிக் குறைஞ்சா படிக்கக் கஷ்டப்படுற பிள்ளைக்கு வரி தப்பிப் போகும். வரிக்கு வரி நல்லா இடம் விடுங்க.

ஆண்ட்ராய்டுல "செலக்ட் டு ஸ்பீக்"னு ஒண்ணு இருக்கு, தொட்ட பாராவ வாசிக்கும். எழுத்த கண்ணால பாத்துக்கிட்டே காதால கேக்கும்போது ல, ள, ழ குழப்பமும் ந, ன, ண குழப்பமும் உள்ள பிள்ளைகளுக்கு பாடத்தோட பொருள் உள்ள போகும். வாசிக்கத் தெரியல, அதனால அறிவு இல்லன்னு முடிவு கட்டுற கொடுமை நம்ம கிளாஸ்ரூம்ல இன்னும் நடக்குது. கேக்க வச்சு கேள்வி கேட்டுப் பாருங்க, அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லுதுன்னு.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு தானா ஓடுற மியூசிக், மின்னுற எழுத்து, குதிச்சு வர்ற ஸ்டார் எல்லாம் வேண்டாம். ஒரு செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல மின்னுற எதுவும் வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து, அத யாருக்கும் அனுப்பக் கூடாது.

பார்வை முழுசா போகல, கொஞ்சம் தெரியும். அவளுக்கு என்ன?

எழுத்துக்கும் பின்னாடி உள்ள நிறத்துக்கும் நல்ல வித்தியாசம் வேணும், உலக அளவுல உள்ள கணக்குப்படி குறைஞ்சது நாலரைக்கு ஒண்ணு. வெள்ளையில மஞ்சள், ஸ்மார்ட் போர்டுல கறுப்புல கருநீலம் எல்லாம் தவிருங்க. பிடிஎஃப்ல பக்கத்த இடம் வலம்னு ரெண்டு காலமா (column) பிரிச்சா மொபைல்ல பெருசாக்கும்போது இடமும் வலமும் தள்ளித் தள்ளியே பிள்ளை ஓஞ்சு போகும், ஒரே காலமா கொடுங்க. "பச்சை நிறத்துல உள்ளத எழுது"ன்னு நிறத்த மட்டும் வச்சு கேள்வி கேக்காதீங்க, கூட ஒரு நம்பரோ எழுத்தோ போடுங்க.

மூளை முடக்குவாதம் உள்ள பையன், விரல் அசைவு சரியில்ல. ஆன்லைன் குவிஸ் எப்படி எழுதுவான்?

இழுத்துக் கொண்டு போயி பொருத்துற கேள்வி வேண்டாம், அதையே "1-க்கு எது?"ன்னு தட்டுற கேள்வியா மாத்துங்க. டைமர எடுத்துருங்க. பொதுத்தேர்வுலயே இவங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் கொடுக்காங்க, கிளாஸ் டெஸ்ட்ல பத்து நிமிஷம்னு விரட்டுறது நியாயமில்ல. பேச்சு தெளிவா இருந்தா தமிழ்ல பேசியே டைப் பண்ணலாம். பேச்சும் சரியில்லன்னா ஆண்ட்ராய்டுல "ஸ்விட்ச் ஆக்சஸ்"னு இருக்கு, ஒத்த பட்டனால மொபைல் முழுசையும் இயக்கலாம். அத அமைச்சுக் கொடுக்க சிறப்பாசிரியர கூப்பிடுங்க.

புத்தகத்துல உள்ள க்யூஆர் கோட கண்ணு தெரியாத பிள்ளை எப்படி ஸ்கேன் பண்ணும்?

அது எந்த மூலையில இருக்குன்னே தெரியாதுல்லா. பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைங்க, தடவிப் பாத்து மொபைல அங்க காட்டும். இல்லன்னா டீச்சர் ஸ்கேன் பண்ணி லிங்க குரூப்ல எழுத்தா போட்டுருங்க, லிங்க்குக்கு முன்னால என்ன பாடம்னு ஒரு வரி எழுதுங்க.

பேச்சிப்பாறைக்கு மேல சிக்னலே இல்ல, வீட்டுல ஒரே போனுதான். இதெல்லாம் நடக்குற காரியமா?

கோதையாறு பக்கம், காணிப் பழங்குடிக் குடியிருப்புகள்ல சிக்னல் தேடி பாறை மேல ஏறணும். கடற்கரையில வேற கதை, தூத்தூர் பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போனா அந்தப் போனும் கூடப் போயிரும், திரும்பி வர நாளாகும். இத மனசுல வச்சுத்தான் ஃபைல் செய்யணும்.

எழுத்துதான் இருக்கதுலயே சின்னது. யூனிகோட்ல ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், பத்தாயிரம் குறி உள்ள பாடம் வெறும் 30 கேபி. அதையே போட்டோவா எடுத்து அனுப்பினா பல எம்பி, வீடியோன்னா கேக்கவே வேண்டாம். அதனால கண்ணு தெரியாத பிள்ளைக்கு எது நல்லதோ அதேதான் சிக்னல் இல்லாத பிள்ளைக்கும் நல்லது. வீடியோ அனுப்பியே ஆகணும்னா கூடவே அதுல உள்ளத எழுத்தாவும் அனுப்புங்க. வீட்டுலயே படிக்கிற பிள்ளைகளுக்கு சிறப்பாசிரியர் நேருல வரும்போது மெமரி கார்டுல ஏத்திக் கொடுக்கலாம், குரல் பதிவா இருந்தா பழைய பட்டன் போன்லயே ஓடும்.

இதுக்கு சாஃப்ட்வேர் எல்லாம் காசு கொடுத்து வாங்கணுமா?

வேண்டாம். கம்ப்யூட்டர்ல என்விடிஏ இலவசம், 2006-லேர்ந்து வருது, ஆஸ்திரேலியாவுல கண்ணு தெரியாத ரெண்டு பேரு தொடங்கினது. அதுல வர்ற தமிழ்க் குரல் மெஷின் மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்கு கொஞ்ச நாள்ல பழகிரும். விண்டோஸ்ல தமிழ் மொழிய சேத்தா வள்ளுவர்னு பேரு வச்ச ஒரு தமிழ்க் குரலும் கிடைக்கும், அதையும் என்விடிஏல வச்சுக்கிடலாம். ஆண்ட்ராய்டுல டாக்பேக்ங்கிற ஸ்க்ரீன் ரீடர் ஏற்கனவே உள்ளயே இருக்கு, செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டில போயி ஆன் பண்ணினா போதும். ஆன் பண்ணினப்புறம் ஒருதடவ தொட்டா பேர சொல்லும், ரெண்டுதடவ தட்டினாதான் திறக்கும். இது தெரியாம போன் கெட்டுப் போச்சுன்னு கடைக்குக் கொண்டு போனவங்க உண்டு.

எங்க பிள்ளை மலையாளம் மீடியம். இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தும். விளவங்கோடு பக்கம் மலையாளம் மீடியம் பிள்ளைகளுக்கு கணக்கு மலையாளத்துல, தமிழ்ப் பாடம் தமிழ்ல, இங்கிலீஷ் வேற. ஒரே ஃபைல்ல மூணு மொழி கலந்து வரும். மூணுக்கும் குரல் டவுன்லோட் பண்ணி வச்சுக்கிடுங்க. டைப் பண்றவங்க வேர்டுல அந்தந்த பாராவ செலக்ட் பண்ணி மொழிய குறிச்சு விடுங்க, இல்லன்னா மலையாளத்த தமிழ்க் குரலு வாசிக்கத் திணறும். பழைய ஃபான்ட் பிரச்சினை மலையாளத்துலயும் அப்படியேதான், அதே காப்பி பேஸ்ட் சோதனைய செஞ்சு பாருங்க.

புத்தகத்த டைப் பண்ணி, குரல்ல பதிஞ்சு கொடுத்தா காப்பிரைட் பிரச்சினை வராதா?

வராது. 2012-ல காப்பிரைட் சட்டத்த திருத்தினப்ப 52-வது பிரிவுல இதுக்குன்னே இடம் கொடுத்தாச்சு. மாற்றுத்திறனாளிகள் படிக்கிறதுக்காக, லாபம் இல்லாம, அவங்களுக்கு ஏத்த வடிவத்துல யாரும் மாத்தலாம், படிப்புக்காக அவங்களோட பகிரலாம். பார்வையற்றோருக்கான மாரகேஷ் ஒப்பந்தத்த உலகத்துலயே முதல்ல ஏத்துக்கிட்ட நாடு இந்தியா, 2014-ல. ஆனா அந்தப் பிள்ளைகளுக்காக செஞ்ச ஃபைல எல்லாருக்கும்னு பொதுவா நெட்ல போட்டுராதீங்க. சுகம்ய புஸ்தகாலயான்னு 2016-ல தொடங்கின ஆன்லைன் லைப்ரரி இருக்கு, அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவங்களுக்கு மட்டும், அதுல பல மொழிப் புத்தகம் இருக்கு, பிள்ளைய மெம்பரா சேத்துவிடுங்க.

ஏஐ கிட்ட கொடுத்தா படத்துக்கு அதுவே விளக்கம் எழுதித் தருதே?

முதல் வரைவுக்கு எடுத்துக்கிடுங்க. ஆனா அந்தப் படம் பாடத்துல எதுக்காக இருக்குன்னு அதுக்குத் தெரியாது, டீச்சருக்குத்தான் தெரியும். கிராஃப்ல உள்ள எண்ணையும் தப்பா சொல்லும். படிச்சுப் பாக்காம ஒட்டாதீங்க.

ஸ்கூல்ல கேட்டா "முடிஞ்சா பாக்கலாம்"னு சொல்றாங்க. கேக்க எங்களுக்கு உரிமை இருக்கா?

இருக்கு, தயங்காண்டாம். முதல்ல சொன்ன 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19-லேர்ந்து நடைமுறையில இருக்கு. அதுல 17-வது பிரிவு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயசு வரைக்கும் புத்தகமும் மத்த படிப்புச் சாதனமும் உதவிக் கருவியும் இலவசமா கொடுக்கணும்னு சொல்லுது. எலக்ட்ரானிக் வடிவத்துல உள்ளதெல்லாம் இவங்களுக்கு ஏத்த மாதிரி இருக்க அரசு வழி செய்யணும்னு 42-வது பிரிவு. 2025 ஏப்ரல் 30-ல சுப்ரீம் கோர்ட்டு டிஜிட்டல் வசதி கிடைக்கிறது வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னே தீர்ப்பு சொல்லியிருக்கு.

முதல்ல ஹெச்எம்கிட்ட எழுத்துல கொடுங்க, எந்தப் பாடம், எந்த வடிவம் வேணும்னு தெளிவா எழுதுங்க, "உதவி செய்யணும்"னு பொதுவா எழுதினா பதிலும் பொதுவாத்தான் வரும். அப்புறம் உங்க வட்டார வள மையம். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒண்ணு இருக்கு, அங்க சிறப்பாசிரியர்கள் இருக்காங்க. கருவி வேணும்னா நாகர்கோவில்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அதுக்கும் மேல போகணும்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். மனுவோட நகல்ல சீல் வாங்கி கையில வச்சுக்கிடுங்க.

எனக்கு நேரமே இல்ல. ஒண்ணே ஒண்ணு செய்யணும்னா எது?

கேள்வித்தாள். பழைய நோட்ஸ் கிடக்கட்டும். அடுத்து வரப்போற காலாண்டுத் தேர்வு கேள்வித்தாள யூனிகோட்ல அடிங்க, படத்துல உள்ளத கேள்வியில எழுதுங்க, ஒரு வேர்டு ஃபைல் எடுத்து வைங்க. தெரியாம மார்க்க விடுறது ஒண்ணு, கேள்வி என்னன்னே தெரியாம மார்க்க விடுறது வேற, அந்த ரெண்டாவது உடனே நிக்கணும்.

பரீட்சைக்கு முன்னாடி அந்தப் பிள்ளைய கூப்பிட்டு அதே மாதிரி அமைப்புல உள்ள ஒரு மாதிரித் தாள கையில கொடுத்து, பக்கத்துல உக்காந்து, ஒண்ணும் சொல்லாம பாருங்க. எங்க நிக்குது, எங்க திரும்பப் போகுது, எந்தக் கேள்விய தாண்டிப் போகுதுன்னு குறிச்சுக்கிட்டு அந்த இடத்த மட்டும் திருத்துங்க. எந்த சாஃப்ட்வேரும் சொல்லாதத அந்தப் பிள்ளை பத்து நிமிஷத்துல சொல்லிரும். திருத்தின ஃபைல பக்கத்து ஸ்கூலுக்கும் அனுப்பிருங்க, அங்கயும் ஒரு பிள்ளை இருக்கும்.